பன்னிரண்டு சனிக்கிழமையில் தைரியம் வருமா?

பெரம்பூரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், மதிப்பெண்ணில் குறையில்லை, ஆனால் வெளியாட்கள் முன்னால் வாயே திறப்பதில்லை. கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பதை டீச்சரிடம் சொல்லாமல் இரண்டு மாதம் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறாள், பள்ளியில் கண் பரிசோதனை நடந்தபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. இப்போது பள்ளியிலிருந்து ஒரு சர்க்குலர் வந்திருக்கிறது: பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பு, பன்னிரண்டு சனிக்கிழமை, 8,500 ரூபாய், வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். அதில் சேர்ப்பதா, கராத்தேயா, பரதமா, செஸ்ஸா, எதில் போட்டால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்பது அவர் கேள்வி.

வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இருபத்து நான்கு வருடம் பாடம் நடத்தினேன், அதில் பெரும்பகுதி ஸ்கவுட் (சாரணர்), கைடு (சாரணியர்), நாடகக் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கண் விஷயம். சார், உங்கள் கடிதத்தில் முக்கியமானது அதுதான். மேடையில் பேசுவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், ஆனால் அந்தப் பெண்ணுக்கு உடனடியாகத் தேவைப்படுவது "மிஸ், எனக்குத் தெரியலை, முன்னாடி உட்காரலாமா" என்று கேட்கிற துணிவு. இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் பள்ளியில் ஒரு மாணவி இருந்தாள், ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் மனப்பாடமாக, கை அசைவோடு, ஒரு வார்த்தை பிசகாமல் பேசுவாள், மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். அதே பெண் கேன்டீனில் மீதிச் சில்லறை குறைவாகத் தந்தால் கேட்காமல் திரும்பி வந்துவிடுவாள். அவளுக்கு மேடையில் எழுதிக்கொடுத்த வரி இருந்தது, அடுத்து என்ன வரும் என்று தெரியும், எதிரில் இருப்பவர்கள் பதில் பேசப்போவதில்லை. கேன்டீன் அண்ணன் பதில் பேசுவார். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில் நின்று சமாளிப்பதைத்தான் பிள்ளைகள் பழக வேண்டியிருக்கிறது, நம் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலானவை எழுதிக்கொடுத்த வரியைத்தான் பழக்குகின்றன.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறார். நான்கு வழிகள்: தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வது, அந்த நேரத்தில் உடம்பில் எழும் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. நான்கில் முதலாவதுக்குத்தான் வலு அதிகம். பிறர் சொல்லிச் சொல்லி ஏற்றும் நம்பிக்கை, முதல் தடுக்கலிலேயே இறங்கிவிடும். கட்டணம் கட்டிச் சேரும் வகுப்புகளில் பெரும்பாலும் விற்பது இந்த மூன்றாவதைத்தான். அதனால் எந்த வகுப்பு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: அங்கே பிள்ளையின் கையில் ஒரு நிஜமான வேலை இருக்கிறதா? அவள் செய்யாவிட்டால் அந்த வேலை நின்றுபோகுமா? அதே மாதிரி வேலை திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே வருகிறதா? தப்பு நடந்தால் பெரிய நஷ்டம் இல்லாமல் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் அது கராத்தேயாக இருந்தாலும் சரி, கோலப் போட்டிக்கு ஏற்பாடு செய்வதாக இருந்தாலும் சரி, பலன் உண்டு.

செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் இதைவிட நன்றாக வேலை செய்ததை நான் பார்க்கவில்லை. பயணம். நீங்கள் பெரம்பூரில் இருப்பது இதற்கு ரொம்ப வசதி. ஒரு சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பெரம்பூர் ஸ்டேஷனில் மின்சார ரயில், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர், இறங்கி விசாரித்துக்கொண்டு பாந்தியன் சாலைக்கு. இந்தப் பயணத்தை அவள் நடத்த வேண்டும், நீங்கள் கூட வருகிற ஆள். கவுன்டரில் டிக்கெட் கேட்பது அவள், எந்த பிளாட்பாரம் என்று விசாரிப்பது அவள், சென்ட்ரலில் வெளியே வந்து மெட்ரோவுக்கு எந்தப் பக்கம் படி இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது அவள். அவள் தப்பான பக்கம் நடந்தால் நீங்களும் கூடவே நடங்கள். ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவுதான். இதில்தான் பெற்றோர் தோற்கிறார்கள். கவுன்டரில் பிள்ளை இரண்டு நொடி தயங்கியதும் பின்னாலிருந்து "சென்ட்ரல் ரெண்டு" என்று நாமே சொல்லிவிடுகிறோம், வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்று. சுளிக்கட்டும். அந்த இரண்டு நொடித் தயக்கத்தை அவளே கடந்து வாயைத் திறந்ததுதான் அன்றைக்கு அவள் சம்பாதித்தது.

அடுத்த முறை நீங்கள் நாலு அடி தள்ளி நில்லுங்கள். அதற்கடுத்த முறை அதே பெட்டியில் வேறு இருக்கை. இரண்டு மூன்று மாதத்தில் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்தில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்து வர, நீங்கள் பின்னால் உட்கார்ந்து வரலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும், கூட்டத்தில் குரல் எழுப்பி "அண்ணா, ஒரு அடையாறு" என்று சொல்லத் தெரிய வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெரிய காரியம். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், பிறர் நிலையை உணர்தல் என்று போகும் அது. நெரிசலான 29சியில் ஒரு மணி நேரப் பயணத்தில் அதில் பாதிக்கு மேல் வந்துவிடும், ஒரு பாட்டிக்கு எழுந்து இடம் கொடுப்பது உட்பட.

இதே கணக்கில் வீட்டு வேலையையும் பாருங்கள். தண்ணீர் கேன் தீர்ந்தால் போன் போட்டுச் சொல்வது, கேஸ் புக் செய்வது, மின் கட்டணக் கணக்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைத்துப் போன தடவையை விட ஏன் ஏறியது என்று பார்ப்பது, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று சொல்வது. ஒரு வேலையை அவள் பொறுப்பு என்று கொடுத்துவிட்டால் பிறகு நினைவூட்டாதீர்கள். கேன் சொல்ல மறந்தால் அன்று மாலை வீட்டில் குடிதண்ணீர் இருக்காது, பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பயிற்சிதான். மகன் இருந்தால் சமையலிலும் பாத்திரத்திலும் அவனுக்குச் சம பங்கு கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர் விடுதிக்குப் போய், துணி துவைக்கத் தெரியாமல் திணறிய பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, பள்ளிக்கு வருவோம். உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் கைடு பிரிவோ ஜூனியர் ரெட் கிராஸோ இருக்கிறதா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் இருக்கும், சுவரில் ஒரு பலகையோடு தூங்கிக்கொண்டிருந்தாலும் இருக்கும். சாரணர் இயக்கத்தில் எனக்குப் பிடித்தது சீருடையோ ஸ்கார்ஃபோ இல்லை, பேட்ரல் முறை. ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஒரு சிறு அணி, அவர்களுக்குள்ளேயே ஒருவர் தலைமை, கூடாரம் அடிப்பது, விறகு சேர்ப்பது, சமைப்பது, கணக்கு வைப்பது என்று ஆளுக்கொரு பொறுப்பு. எட்டுப் பேரில் ஒருவரும் ஒளிந்துகொள்ள முடியாது. ஐம்பது பேர் வகுப்பில் வருடம் முழுக்க ஒளிந்துகொள்ளலாம், உங்கள் மகள் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்திருக்கிறாள். இந்த இயக்கத்துக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. வெள்ளைக்காரர்கள் நடத்திய சாரணர் அமைப்பில் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்காத காலத்தில், 1916-17 வாக்கில் அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கென்று சென்னையில் தனியாகவே ஒரு சாரணர் அமைப்பைத் தொடங்கினார். பெரிய வகுப்புகளுக்கு வந்ததும் என்.சி.சி., மேல்நிலையில் என்.எஸ்.எஸ். என்று வாய்ப்புகள் உண்டு, அவை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நாடகத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, சுருக்கிக்கொள்கிறேன். நாடகம் என்றதும் நடிப்பது என்றுதான் நினைப்போம், கூச்சமுள்ள பிள்ளையை நடுமேடையில் தள்ளுவோம், அது பயந்து அழும், அதோடு ஆயுளுக்கும் நாடகம் வேண்டாம் என்று ஆகிவிடும். எங்கள் குழுவில் பேசவே பேசாத ஒரு பையன் சேர்ந்தான், அவன் அம்மா வற்புறுத்தி அனுப்பியது. நடிக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டான். சரிப்பா, திரையைப் பார்த்துக்கொள் என்றேன். எந்த வசனத்தில் திரை விழ வேண்டும் என்பதற்காக அவன் எல்லா வசனத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஒத்திகையில் ஒருத்தி வசனத்தை மறந்து நின்றபோது திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தான். அன்றிலிருந்து எல்லோரும் மறந்தால் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒத்திகையில் "நீ லேட்டா வர்றே, திரை முன்னாடியே விழுந்துடுது" என்று பெரிய வகுப்பு அண்ணனிடமே சொல்ல ஆரம்பித்தான். கடைசிவரை அவன் மேடையில் நடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளியில் இப்போது நடக்கும் கலைத் திருவிழாவிலும் இதே மாதிரி பின்னணி வேலைகள் நிறைய இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து நடக்கிறது, அதே ஆண்டு அறிவியல் செய்து பார்ப்பதற்கென்று வானவில் மன்றமும் வந்தது. எந்தப் பள்ளி விழாவாக இருந்தாலும் மேடைக்கு வெளியே நாற்காலிக் கணக்கு, அறிவிப்பு எழுதுவது, விருந்தினரை வாசலில் வரவேற்பது என்று ஆள் தேவைப்படும். வகுப்பாசிரியரிடம் போய், பரிசு தரும் வேலை வேண்டாம், இந்த மாதிரி ஒன்றை என் மகளுக்குக் கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார், எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

செஸ் கேட்டிருந்தீர்கள். சென்னையில் எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள், ஆனந்த் வளர்ந்த ஊர், 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு தெருவுக்கொரு பயிற்சி மையம் கண்ணில் படுகிறது. நல்ல விளையாட்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் பிள்ளையே எழுதி வைக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் தோற்றவனும் ஜெயித்தவனும் சேர்ந்து உட்கார்ந்து எங்கே சறுக்கியது என்று பார்க்கிற வழக்கம். தோல்வியைத் தாளில் எழுதி அலசுகிற பழக்கம் பன்னிரண்டு வயதில் வந்தால் அது பெரிய சொத்து. ஆனால் ரேட்டிங்கை, அதாவது போட்டி முடிவுகளை வைத்துத் தரும் தரப் புள்ளியை, துரத்தத் தொடங்கினால் வார இறுதி முழுக்கப் போட்டி, பயிற்சியாளர் கட்டணம், வெளியூர்ப் பயணம் என்று வேறு திசையில் போய்விடும். தைரியத்துக்காக என்றால் பக்கத்துப் பூங்காவில் பெரியவர்களோடு ஆடினாலே போதும். கராத்தே, பரதம் இரண்டும் பிள்ளை விரும்பினால் நல்லதுதான், மூன்று வருடமாவது விடாமல் போக வேண்டும். ஆறு மாதத்துக்கொரு பெல்ட் என்று கட்டணத்தோடு பரீட்சை வைக்கும் இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்று, சென்னைக்கே உரியது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரைக்கு முட்டையிட வரும். 1988-லிருந்து மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள், என்ன வயதிலிருந்து வரலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழியில் நூறுக்கும் மேல் முட்டைகள் இருக்கும், ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பொரியும், மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். பேசாத பிள்ளைகள் பலருக்கு மனிதர்களைவிட இந்த மாதிரி ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவது எளிது. பார்த்ததை வகுப்பில் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு தானாக வரும், யாரும் தலைப்பு கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுவதும் இதே வகை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது, கட்டணமில்லை, காலையில் போனால் மாலை வரை விட்டுவிடலாம். புத்தகக் கண்காட்சி சமயத்தில் கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, என்ன வாங்கினாலும் கேள்வி கேட்க மாட்டேன் என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

பணம் கொடுக்கவே கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மிட் பிரெயின் ஆக்டிவேஷன் என்று கண்ணைக் கட்டிப் பிள்ளைகளை வாசிக்க வைப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். மூக்குக்கும் துணிக்கும் இடையிலிருக்கும் இடைவெளி வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். நடுமூளை யாருடைய தயவும் இல்லாமல் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பணம் போனது கூடப் பரவாயில்லை, அப்பா அம்மா சந்தோஷப்படுகிறார்கள் என்பதற்காகப் பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாராட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகள் ரொம்பப் பிரபலம். ஒரு புதிரை முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான கணக்கையே தேடினார்கள், கடினமானதில் தோற்றபின் துவண்டார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். நம் வீடுகளில் "சமத்துப் பொண்ணு" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். சமத்துப் பெண்ணுக்குத் தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது, தொந்தரவும் தரக் கூடாது. கரும்பலகை தெரியவில்லை என்று அவள் சொல்லாமல் இருந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

இதைத் தொட்டுக்கொண்டே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தைரியமான பிள்ளை வேண்டும் என்றால், நம்மிடமும் "மாட்டேன்" என்று சொல்கிற பிள்ளைக்கு நாம் தயாராக இருக்க வேண்டும். பெரியவர் சொன்னால் மறுபேச்சு கூடாது என்று பழக்கிவிட்டு, வெளியில் தப்பாக நடக்கும் பெரியவரிடம் மட்டும் எதிர்த்துப் பேசு என்றால் எப்படி முடியும்? உறவினர் கன்னத்தைக் கிள்ளுவது பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்று வீட்டிலேயே அனுமதி கொடுங்கள், சொல்லும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும், தனியாகப் பயணம் போக ஆரம்பிக்கும் முன்பே.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று அடைத்துவிடுவார்கள், நீங்களும் அந்தக் கட்டத்துக்கு வருவீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஏதாவது ஒன்றை, அவள் தேர்ந்தெடுத்ததை, பொதுத்தேர்வு வருடத்திலும் விட்டு வையுங்கள். நான் பார்த்த அளவில் அந்த இரண்டு மணி நேரத்தால் யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு வருகிறேன். பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பள்ளி வற்புறுத்தினால் அங்கே பன்னிரண்டு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பட்ட பொறுப்பு என்ன கிடைக்கும், ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாற்பது பேர், கடைசி நாளில் சான்றிதழ் என்றால் விட்டுவிடுங்கள். அந்த 8,500-ல் அவளை எங்காவது முகாமுக்கு அனுப்பலாம், அல்லது வீட்டுச் செலவில் ஒரு மாதத்துக் காய்கறிக் கணக்கை அவளிடம் கொடுத்துக் கடைக்குப் போகச் சொல்லலாம். சனிக்கிழமை காலை பெரம்பூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, சனிக்கிழமை திறந்திருக்கும். கவுன்டர் வரிசையில் அவளை முன்னால் நிற்க விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள், அவள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பாள், அப்போது வாயைத் திறக்காதீர்கள், லேசாகத் தலையை மட்டும் அசையுங்கள்.